மடிப்பு

மோல்மேன் சந்தையில்
கைபேசிக்குக் கண்ணாடி ஒட்டித் தருவது
என் தொழில் என்று பலகை சொல்லும்.
பலகைக்கு அவ்வளவுதான் தெரியும்.

திரையில் இருக்கும் பணத்தைத்
தாளாக்கித் தருகிறேன்.
லட்சத்துக்கு ஏழாயிரம் கழிவு.
போன மழைக்கு நாலு.
வங்கி வாசலில் டோக்கன் வாங்கி
ஒரு பகலை வெயிலுக்குக் கொடுப்பதைவிட
இது மலிவு என்று
வருகிறவர்கள் சொல்கிறார்கள்.
நான் சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட
சயாமா நீலார் மாதம் ஒருமுறை வருவாள்.
பாங்காக்கில் கான்கிரீட் கலக்கித்
தம்பி அனுப்புகிற காசுக்கு
சிங்கம் கிடையாது, யானை கிடையாது,
எழுத்தும் எண்ணும் கலந்த
ஒரு நீள வால் மட்டும்.
"அமா, வந்திடுச்சா?"
வந்துவிட்டது.
ஆறு சோதனைச் சாவடியிலும்
அதன் பையை யாரும் அவிழ்க்கவில்லை.

அந்தக் காசைத் தொடக் கூடாது
என்று அறிவிப்பு இருக்கிறது.
மாட்டினால் சிறை, அல்லது அபராதம்,
அல்லது இரண்டும்.
காட்டுக்குள் இருக்கிற இன்னொரு அரசாங்கம்
அது செல்லும் என்கிறது.
நான் இருப்பது சந்தைக்குள்.
ஷட்டரை முழுசாகத் தூக்கும்போது ஒருவர் சொல்படி,
பாதி இறக்கிய பிறகு மற்றவர் சொல்படி.
எனக்கும் இரண்டு பெயர்தானே:
அடையாள அட்டையில் மா டின் மோ,
கோயில் ரசீதில் பூங்காவனம்.

சட்டமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.
கருவாட்டுக்கடை கோ தெய்ன்
வலைக்கு வைத்திருந்ததை எல்லாம்
ஏதோ ஒரு பழத்தின் பெயர் வைத்த
நாணயத்தில் போட்டான்.
மூன்றாம் நாள் பழமும் இல்லை, மரமும் இல்லை.
புகாரில் எதிராளி என்று
யார் பெயரை எழுதுவது என
என்னிடம் வந்து கேட்டான்.
அச்சடிப்பவன் யார் என்று
அவனுக்கு முன்னால் யாராவது கேட்டிருக்கலாம்.

அச்சடிப்பவனைத் தெரிந்துதான் என்ன?
எண்பத்தேழில் ஒரு சனிக்கிழமை
இருபத்தைந்தும் முப்பத்தைந்தும் எழுபத்தைந்தும்
வானொலிக்குள்ளேயே செத்தன.
பிறகு பிறந்தவை
ஒன்பதால் வகுபட்டன.
எனக்கு ஆறு வயது.
எழுபத்தைந்து நோட்டுகளை அடுக்கி
வாசலில் கடை விளையாடினேன்.
அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்,
தடுக்கவில்லை.

இப்போது ஒரு நோட்டைக் கொல்ல
வானொலி வேண்டாம். மடிப்பு போதும்.
ஓரம் கிழிந்த ஐயாயிரம்,
யானை தும்பிக்கையோடு முழுசாக இருக்கிறது,
பேருந்துக்காரன் திருப்பித் தருகிறான்.
அரசாங்கத் தாளுக்கு ஆயிரம் குறை.
தடை செய்த காசுக்கு
கதவைச் சாத்தினால் போதும்.

என் கிழிசல்களை
வெள்ளிக்கிழமைதோறும் சோற்றுப்பசையால் ஒட்டி
அங்காளம்மன் உண்டியலில் போட்டுவிடுவேன்.
அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதில்லை.

நேற்று மின்சாரம் போனது.
கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போனது.
சந்தை மெழுகுவர்த்திக்கு இறங்கி வந்தது.
சயாமாவின் காசு
கறுத்த கண்ணாடிக்குப் பின்னால் எங்கோ.
பக்கத்து அரிசிக்கடைக்காரர்
கண்ணாடியைப் பார்க்கவில்லை.
என் டிராயரில் நல்ல நோட்டு ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் கோயில் பொருளாளர் கோதண்டம்
சைக்கிளில் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார்.
"உண்டியல் திறந்தோம்மா.
கொஞ்சம் மடிஞ்சிருக்கும்.
மின்சாரம் வந்ததும் திரையில் போட்டுவிடு."

எண்ணினேன்.
ஐந்துக்கு மூன்றில் என் பசை.

சயாமாவின் கணக்கில் எழுதிக்கொண்டு
அவள் கையில் வைத்தேன்,
கழிவைப் பிடித்துக்கொண்டுதான்.
அவள் ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள்.
கிழிசல் வழியே மெழுகுவர்த்தி தெரிந்தது.
"செல்லுமா?"

நான் அரிசிக்கடைக்காரரைப் பார்த்தேன்.
அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
மூன்று பேரும் கொஞ்ச நேரம்
அரசாங்கமாக இருந்தோம்.

பிறகு அவர் படியை எடுத்து
அரிசிக்குள் இறக்கினார்.